வேலூர்க் குன்றுகளில் ஹாம் வானொலி: செங்குத்து ஆன்டெனா, ரேடியல் கம்பி, பேட்டரி – பயன்படுத்திப் பார்த்த மதிப்பீடு

வெளியிடங்களுக்குத் தூக்கிச் சென்று இயக்கும் ஹாம் வானொலிக்கென்று (உரிமம் பெற்ற ஆர்வலர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வானொலி) விற்கப்படும் துணைக்கருவிகளில் பெரும்பாலானவை, முளையைக் குத்தினால் இறங்கும் மென்மையான ஈர மண்ணை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. வேலூரைச் சுற்றியுள்ள குன்றுகளோ ஆண்டின் பெரும்பகுதி வெயிலில் காய்ந்து கிடக்கும் கருங்கல். ஆகவே விளம்பரத்தில் சொல்லப்படும் திறன் இங்கே கிடைக்கிறதா என்று பார்க்க விரும்பி, நானே பணம் கொடுத்து வாங்கிய ஒரு செங்குத்து ஆன்டெனாத் தொகுப்பு, ஒரு முனையில் மின்னூட்டும் (அதாவது ஒரு முனையில் மட்டும் வானொலியோடு இணையும்) அரை அலைக் கம்பி ஆன்டெனா, 12.8 வோல்ட் லித்தியம் பேட்டரி, மடக்கு சூரியத் தகடு ஆகியவற்றை 20 வாட் திறன் கொண்ட சீகு ஜி90 வானொலியுடன் இணைத்து, ஏலகிரியிலும் பாலாற்று மணலிலும் காவேரிப்பாக்கம் ஏரிக்கரையிலும் இயக்கிப் பார்த்தேன். இவற்றுள் விலை மிகக் குறைந்ததும் விளம்பரத்தில் ஒரு வரிகூடப் பெறாததுமான, ஆன்டெனாவின் அடியிலிருந்து சுற்றிலும் விரிக்கும் ரேடியல் கம்பிதான் நம் நிலத்தில் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பது என் முடிவு.

காரணம் நிலத்தில் இருக்கிறது. கால் அலைச் (அலைநீளத்தில் நான்கில் ஒரு பங்கு) செங்குத்து ஆன்டெனா என்பது பாதி ஆன்டெனாவே; மறுபாதியின் வேலையை நிலம் செய்ய வேண்டும், அல்லது நிலத்துக்குப் பதிலாக நாம் விரிக்கும் கம்பிகள் செய்ய வேண்டும். கடல்நீரின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 5 சீமென்ஸ் அளவில் இருக்கிறது. சராசரி மண்ணுக்கு 0.005 என்று கொள்வார்கள். காய்ந்த பாறைக்கு அது 0.001 அல்லது அதற்கும் கீழே. பாலாற்றின் வறண்ட மணலும் மேற்பரப்பில் பாறையைவிடப் பெரிதும் மேலானதன்று. மழைக்காலத்துக்குப் பின் காவேரிப்பாக்கம் ஏரிக்கரையின் களிமண்ணில் நன்றாக ஒலித்த அதே அமைப்பு ஏலகிரியின் சுவாமிமலைப் பாறையில் மெலிந்து போனதற்கு, ஆன்டெனாவைக் குறை சொல்ல இடமில்லை.

செங்குத்து ஆன்டெனாத் தொகுப்பு சீனத் தயாரிப்பு. ஏறக்குறைய ஒரே வடிவில் பல பெயர்களில் விற்கப்படுகிறது. தரையில் குத்தும் எஃகு முளை, அலுமினியக் குழாய்த் துண்டுகள், நகரும் தொடுவளையம் கொண்ட சுருள், இழுத்தால் 2.5 மீட்டர் நீளும் விப் என்னும் எஃகுக் கோல், ஒரு கட்டு ரேடியல் கம்பி, எல்லாவற்றையும் அடக்கும் துணிப்பை ஆகியவை இதில் உண்டு. வேலைப்பாடு நன்றாகவே இருக்கிறது. மரைகள் சுத்தமாக வெட்டப்பட்டுள்ளன. பலமுறை திருகிக் கழற்றிய பிறகும் தளரவில்லை. சுருளின் தொடுவளையம் தான் நிறுத்தப்பட்ட இடத்தை விட்டு நகர்வதில்லை. முளைதான் நமக்கு உதவாது. கருங்கல்லில் அது இறங்காது. பாலாற்று மணலில் இறங்கும், ஆனால் விப்பை முழுதாக நீட்டிச் சிறிது காற்றடித்தாலே சாய்ந்துவிடும். கேமரா முக்காலியின் கால் அங்குல மரைக்கும் ஆன்டெனாவின் அடிப்பகுதி மரைக்கும் நடுவே பொருந்தும் ஒரு பித்தளைத் துண்டை எந்த லேத் பட்டறையிலும் கடைந்து வாங்கலாம். அந்தச் சிறு துண்டு கைக்கு வந்ததும் ஆன்டெனாவின் அடி தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேலே உயர்கிறது. அந்த உயரத்தால் கிடைக்கும் வேறொரு நன்மையைப் பின்னால் சொல்கிறேன்.

விப்பைப் பற்றி ஒரு சொல். ஆற்று மணலில் நிறுத்திய பிறகு அதை அப்படியே மடக்கினால், குழாய்களுக்கிடையே சிக்கும் நுண்மணல் எஃகைக் கீறி, மின்தொடர்பையும் கெடுக்கும். மேலிருந்து கீழாக ஒவ்வொரு பகுதியையும் காய்ந்த துணியால் துடைத்துவிட்டே உள்ளே தள்ள வேண்டும். எண்ணெய் போடலாகாது, எண்ணெய் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இத்தகைய ஆன்டெனாக்களை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறும் இடம், வானொலியோடு ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்பதைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். எண்ணில் (1 என்றால் முழுப் பொருத்தம்) இருக்கிறது. 7 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 42 மீட்டரளவு. அதற்கு எதிரே குழாயும் விப்பும் சேர்ந்து மூன்றரை மீட்டர்கூட வராத ஆன்டெனாவின் கதிர்வீச்சு மின்தடை, அதாவது அலையாக வெளியே போகும் திறனுக்குரிய பங்கு, சில ஓம்கள் மட்டுமே. சுருளின் இருப்பிடத்தைப் பொறுத்து 3 முதல் 6 ஓம் வரை என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியிருக்க, வானொலியின் முகப்பில் எஸ்.டபிள்யூ.ஆர். ஒன்றுக்கு ஒன்று என்று காட்டினால், அதாவது மொத்த மின்தடை 50 ஓம் என்றால், மீதி நாற்பத்தைந்து ஓம் எங்கிருந்து வந்தது? சுருளின் கம்பியிலும் அடியிலுள்ள நிலத்திலும் இருந்துதான். வானொலி அனுப்பும் திறனில் பத்தில் ஒன்பது பங்கு பாறையையும் சுருளையும் சூடேற்றிக்கொண்டிருக்கும். முள் மட்டும் அழகாக நிற்கும்.

சுவாமிமலைப் பாறையில் நானோ வி.என்.ஏ. என்னும் ஆன்டெனா அளவீட்டுக் கருவியைக் கொண்டு பார்த்தபோது இது கண்கூடாகத் தெரிந்தது. தொகுப்பிலிருந்த இரண்டு கம்பிகளை மட்டும் பாறையில் கிடத்தியபோது 7.1 மெகாஹெர்ட்ஸில் எஸ்.டபிள்யூ.ஆர். 1.2. எட்டுக் கம்பிகளாகக் கூட்டியதும் அது 1.9க்கு ஏறியது. அறிமுகமில்லாதவர் பார்த்தால் ஆன்டெனா கெட்டுவிட்டது என்று நினைப்பார். உண்மையில் மொத்த மின்தடை 42 ஓம் அளவிலிருந்து 26 ஓம் அளவுக்கு இறங்கியதே அந்த ஏற்றத்துக்குக் காரணம். இழப்பு குறைந்திருக்கிறது, வெளியே போகும் திறன் ஏறக்குறைய 2 டெசிபெல் கூடியிருக்கிறது. 1.9 என்பது ஜி90இன் உள்ளிருந்து பொருத்தமின்மையைச் சரிக்கட்டும் டியூனருக்கு ஒரு பொருட்டே அன்று. எனவே இந்தத் தொகுப்பை வாங்குகிறவர் எண் எவ்வளவு தாழ்ந்து நிற்கிறது என்பதைக் கொண்டு திருப்தியடையாமல், ஒவ்வொரு கம்பியைக் கூட்டும்போதும் அது எப்படி மாறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மாற்றம் நின்றுவிட்டால் அந்த இடத்துக்கு அத்தனை கம்பி போதும்.

ரேடியல்களின் எண்ணிக்கையைப் பற்றிய அறிவு புதிதன்று. ப்ரவுன், லூயிஸ், எப்ஸ்டீன் ஆகிய மூவரும் அமெரிக்காவில் 113 கம்பிகள் வரை புதைத்து அளந்து, 1937இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒலிபரப்பு நிலையங்கள் 120 கம்பிகள் புதைக்கும் வழக்கத்துக்கு அந்த ஆய்வே அடிப்படை. மலையுச்சிக்கு யாரும் 120 கம்பி சுமந்து போக முடியாது, போகவும் வேண்டாம். தரையில் நேரே கிடக்கும் கம்பியைத் தரையே இசைவு கெடுத்துவிடுவதால் அங்கே சரியான நீளம் என்று ஒன்று இல்லை. கையிலுள்ள கம்பியை நீளமான இரண்டாக வைத்துக்கொள்வதைவிடக் குட்டையான எட்டாக வெட்டிக்கொள்வதே மேல். கம்பியைத் தரையிலிருந்து தூக்கிவிட்டால் கதை மாறுகிறது. அப்போது நீளம் முக்கியமாகிறது, எண்ணிக்கை அவ்வளவு முக்கியமில்லை. ருடி செவர்ன்ஸ் என்னும் அமெரிக்க ஹாம் 2009இல் கியூ.இ.எக்ஸ். என்னும் ஹாம் தொழில்நுட்ப இதழில் வெளியிட்ட அளவீடுகள், சிறிதளவு உயர்த்திய நான்கே ரேடியல்கள் தரையில் விரித்த மிகப் பல ரேடியல்களுக்கு ஈடாக நிற்பதைக் காட்டின. முக்காலியின் ஒரு மீட்டர் உயரம் இங்கேதான் கைகொடுக்கிறது. 14.2 மெகாஹெர்ட்ஸுக்கு 5 மீட்டர் நீளத்தில் நான்கு கம்பிகளை வெட்டி, அடியிலிருந்து நான்கு திசையிலும் மெல்லச் சரித்து, நுனிகளை நைலான் கயிற்றால் பாறை விளிம்பிலோ புதரிலோ கட்டினால், அடியிலுள்ள கருங்கல்லை ஏறக்குறைய மறந்துவிடலாம்.

இந்த அமைப்பில், தொகுப்பின் குட்டை விப்பை எடுத்துவிட்டு, தனியே வாங்கிய 5.2 மீட்டர் விப்பைச் சுருளே இல்லாமல் நிறுத்தினேன். 14 மெகாஹெர்ட்ஸில் அது முழுக் கால் அலை. மாலை வேளையில் 20 வாட் குரலுக்கு ரஷ்யாவும் இத்தாலியும் பதில் சொன்னது அதில்தான். செங்குத்து ஆன்டெனா வாங்க நினைக்கிறவருக்கு என் பரிந்துரை இதுவே: சுருளுக்காகப் பணத்தைக் கூட்டாமல் நீண்ட விப்பை வாங்குங்கள், 7 மெகாஹெர்ட்ஸை வேறொரு கம்பிக்கு விட்டுவிடுங்கள்.

தொகுப்போடு வந்த ரேடியல் கம்பி கணினி ரிப்பன் கேபிள் போன்ற தட்டையான சாம்பல் நிறக் கம்பி. சுருட்ட எளிது. ஆனால் இழைகள் மிக மெல்லியவை. சீமைக் கருவேல முள்ளில் ஒருமுறை சிக்கினால் உறையோடு கிழிந்து வருகிறது. சாம்பல் நிறமும் பாறையில் கண்ணுக்குத் தெரியாமல், ஆடு மேய்ப்பவர் காலில் தட்டுகிறது. லாங் பஜாரில் எந்த மின்பொருள் கடையிலும் கிடைக்கும் 0.75 சதுர மி.மீ. மஞ்சள் நிற நெகிழ்கம்பி சற்றுக் கனமானாலும் உழைக்கிறது, எல்லோர் கண்ணிலும் படுகிறது. அதன் தடித்த பி.வி.சி. உறையால் மின்னலையின் வேகம் சிறிது குறைவதால், உயர்த்திக் கட்டும் ரேடியலைக் கணக்கில் வரும் நீளத்துக்கு முதலில் வெட்டி, பிறகு கருவியைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது ஒரு முனையில் மின்னூட்டும் அரை அலைக் கம்பி. 20 மீட்டரளவு நீளமுள்ள இந்தக் கம்பி 7, 14, 21, 28 மெகாஹெர்ட்ஸ் பட்டைகள் நான்கிலும் டியூனர் இல்லாமலே ஏறக்குறைய ஒத்துப்போகிறது. வேலூரிலிருந்து சென்னை, பெங்களூர், மதுரை, கோவை நண்பர்களோடு பகலில் பேச விரும்புகிறவருக்கு இந்த மதிப்பீட்டில் வரும் பொருள்களில் இதுவே முதலிடம். இவ்வூர்களெல்லாம் சுமார் 140 கிலோமீட்டரிலிருந்து 400 கிலோமீட்டருக்குள் இருப்பவை. இவற்றை எட்ட அலை கிட்டத்தட்ட தலைக்கு மேலே எழும்பி அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்ப வேண்டும். செங்குத்து ஆன்டெனா அந்தத் திசையில் ஏறக்குறைய ஒன்றையும் அனுப்புவதில்லை. ஐந்து மீட்டர் உயரத்தில் இரு புளியமரங்களுக்கு இடையே கிடைமட்டமாகக் கட்டிய கம்பியோ பெரும்பகுதியை மேல்நோக்கியே அனுப்புகிறது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின்போது பாரதி பிரசாத் குழுவினர் போர்ட் பிளேரிலிருந்து ஹாம் வானொலி வழியே தகவல் தந்ததை நினைப்பவர்கள், இத்துறையின் பொதுப்பயனை அறிவார்கள். நிவர் போன்ற புயல் நம் மாவட்டத்தில் கோபுரங்களை முடக்கும் நாளில் இத்தாலியை எட்டுவதைவிடச் சென்னையை எட்டுவது அவசியம். அதற்காகவே ஒவ்வொரு வேலூர் ஹாமின் பையிலும் இந்தக் கம்பி ஒன்று இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கம்பி எதுவானாலும் இதன் உயிர் 49:1 மின்மாற்றிப் பெட்டியில் இருக்கிறது. கம்பியின் முனையில் மின்தடை 2450 ஓம் அளவில் நிற்பதால் அதை 50 ஓமுக்கு இறக்க வேண்டும். முதன்மைச் சுருளில் இரண்டு சுற்றுக்கு இரண்டாம் சுருளில் பதினான்கு சுற்று என்பது வழக்கமான விகிதம். என் கைக்கு வந்த பெட்டிகளில் ஒன்றை, 100 வாட் தாங்கும் என்று மேலே அச்சிட்டிருந்ததால், மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்த ஃபெரைட் வளையம் பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரியது. பதினான்கு சுற்றும் நெருக்கிச் சுற்றப்பட்டு, ஓரிடத்தில் எனாமல் உரிந்து செம்பு மின்னியது. முதன்மைச் சுற்றுக்குக் குறுக்கே வைக்கும் 100 பிகோஃபாரட் மின்தேக்கியின் மேல் 50 வோல்ட் என்று எழுதியிருந்தது. 100 வாட்டில் 50 ஓமுக்குக் குறுக்கே உச்ச மின்னழுத்தம் 100 வோல்ட். அந்த மின்தேக்கி அங்கே நிற்க முடியாது. 20 வாட்டிலேயே சிறிது நேரம் மோர்ஸ் அனுப்பியதும் வளையத்தைத் தொட முடியாதபடி சூடேறியது. அதற்குப் பதிலாக, 240-43 என்னும் பெரிய ஃபெரைட் வளையத்தையும் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் தாங்கும் மின்தேக்கியையும் வாங்கி வீட்டில் சுற்றிய பெட்டி, அதே வேலைக்கு வெதுவெதுப்போடு நின்றுகொண்டது. பெட்டி வாங்குகிறவர் வளையத்தின் அளவைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. மேலும், கம்பியின் முனையில் 20 வாட்டிலேயே 220 வோல்ட் அளவும் 100 வாட்டில் 500 வோல்ட்டை ஒட்டியும் நிற்கும். மலையில் வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் அந்த முனையைக் கட்ட வேண்டும்.

இந்தக் கம்பிக்குக் கவுன்டர்பாய்ஸ் (ஆன்டெனாவின் மறுபாதிக்கு ஈடாக நிற்கும் கம்பி) தேவையே இல்லை என்று விற்பனைப் பக்கங்கள் சொல்கின்றன. அது சரியன்று. மிகச் சிறிதளவு தேவை. நாம் கொடுக்காவிட்டால் வானொலியை ஆன்டெனாவோடு இணைக்கும் கோஆக்ஸ் கேபிளின் வெளிவலையே அந்த வேலையை எடுத்துக்கொள்ளும், மைக்கைத் தொட்டால் உதட்டில் சுரீரென்று உறைக்கும். அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 7 மெகாஹெர்ட்ஸுக்கு 2 மீட்டரளவு கம்பியைப் பெட்டியின் தரைமுனையில் தொங்கவிட்டு, அதற்குப் பிறகு கேபிளின் வெளிவலையில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்கும் ஒரு சோக் போட்டால் போதும்.

கேபிளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஆர்.ஜி. 316 மெல்லியது, வெப்பம் தாங்குவது, பைக்குள் அடங்குவது. 14 மெகாஹெர்ட்ஸில் 10 மீட்டருக்கு 1 டெசிபெல் அளவு இழக்கும். ஆர்.ஜி. 58 அதில் பாதியளவே இழக்கும், ஆனால் கனம். நடந்து ஏறுகிறவருக்கு முன்னது, காரில் போகிறவருக்குப் பின்னது.

மின்சாரத்துக்கு வருகிறேன். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி யு.பி.எஸ். கடைகளில் எளிதாகக் கிடைக்கும். ஆனால் இரண்டு கிலோவுக்கு மேல் கனம். அதன் 7 ஆம்பியர்-மணி என்பது 20 மணி நேரத்தில் மெல்ல வடித்தால் கிடைக்கும் கணக்கு. ஜி90 பேசும்போது கேட்கும் மின்னோட்டத்துக்கு அது அத்தனையையும் தருவதில்லை, மின்னழுத்தமும் சரிந்துகொண்டே வருகிறது. லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் நான்கு செல்கள் தொடராக நின்று 12.8 வோல்ட் தருகின்றன; முழு மின்னேற்றம் 14.6 வோல்ட். 6 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு கிலோவுக்குக் கீழே இருக்கிறது, 13 வோல்ட்டை ஒட்டியே நெடுநேரம் நிற்கிறது, கால்வாசி நேரம் பேசி முக்கால்வாசி நேரம் கேட்டால் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாங்குகிறது. வாங்கும்போது உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று எத்தனை ஆம்பியர் வரை விடும் என்று பார்க்க வேண்டும். சிறிய பேட்டரிகளில் அது 10 ஆம்பியர் அளவே; 23 ஆம்பியர் வரை இழுக்கக்கூடிய யேசு எஃப்.டி. 891 போன்ற 100 வாட் வானொலியை அதில் மாட்டினால், முதல் சொல்லிலேயே இணைப்பை அறுத்துவிடும்.

வேலூர் வெயிலுக்குத் தனிக் கவனம் வேண்டும். இவ்வகை செல்களை 45 டிகிரி செல்சியசுக்கு மேல் மின்னேற்றலாகாது என்பதே பொதுவான வரம்பு. மே மாதத்தில் நிழலிலேயே 40ஐத் தாண்டும் ஊரில், நண்பகல் பாறையில் கறுப்பு உறையோடு கிடக்கும் பேட்டரி அந்த வரம்பை எளிதில் கடந்துவிடும். பேட்டரியை வெள்ளைத் துணியில் சுற்றி, பாறையைத் தொடாமல் பையின் மேல் வையுங்கள்.

பேட்டரியோடு வந்த இணைப்புக் கம்பியை நான் உடனே மாற்றினேன். கத்தியால் இழையைச் சுரண்டியபோது மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை: செம்பு பூசிய அலுமினியம். அதே தடிமனுள்ள செம்பைவிட மின்தடை கூடுதல். சாலிடரும் உறுதியாக நிற்பதில்லை. 1.5 சதுர மி.மீ. செம்பு நெகிழ்கம்பியில் 2 மீட்டர் நீளத்துக்குப் போகவர 8 ஆம்பியரில் 0.4 வோல்ட்டுக்குச் சற்று மேல் இழப்பு, 2.5 சதுர மி.மீ. போட்டால் கால் வோல்ட்டோடு நிற்கும். இணைப்பானுக்கு ஆண்டர்சன் பவர்போல் மிகச் சிறந்தது: ஆண், பெண் வேறுபாடு இல்லை, 15, 30, 45 ஆம்பியர் முனைகள் ஒரே கூட்டில் பொருந்தும். ஆனால் மலையடிவாரத்தில் அது பழுதானால் மாற்று கிடைக்காது. மின்-ஸ்கூட்டர் பழுதுபார்ப்பவர்களிடமும் கிடைக்கும் எக்ஸ்.டி. 60 இணைப்பானையே நான் தேர்ந்தேன். பேட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே 10 ஆம்பியர் ஃபியூஸ். இருசக்கர வாகன உதிரிபாகக் கடையில் கூட்டோடு கிடைக்கும்.

20 வாட் மடக்கு சூரியத் தகட்டின் தையல், கொளுக்கிகள் எல்லாம் உறுதி. 17, 18 வோல்ட்டில் 1.1 ஆம்பியர் என்பது 25 டிகிரி செல் வெப்பத்தில் எடுத்த எண்; செல் 65 டிகிரியைத் தொடும் நம் நண்பகலில், டிகிரிக்கு 0.4 விழுக்காடு வீதம் ஆறில் ஒரு பங்கு அளவு குறைந்துதான் வரும். பெரிய குறை கட்டுப்பாட்டுப் பெட்டியில்: தகட்டிலிருந்து இயன்ற அளவு கூடுதல் திறனை எடுத்துப் பேட்டரிக்குத் தரும், உடன் வந்த எம்.பி.பி.டி. பெட்டி 7 மெகாஹெர்ட்ஸ் முழுவதும் இரைச்சலை நிரப்பியது. பெட்டியின் இரு பக்கக் கம்பிகளையும் ஃபெரைட் வளையத்தில் பல சுற்றுச் சுற்றி, பெட்டியை ஆன்டெனாவிலிருந்து விலக்கியதும் இரைச்சல் பெருமளவு அடங்கியது. மெல்லிய நிலையங்களைக் கேட்க வேண்டிய நேரத்தில் தகட்டையே கழற்றிவிடுவது நல்லது. தகடு வெயிலிலும் பேட்டரி மர நிழலிலும் இருக்க ஏற்ற நீளத்தில் இத்தொகுப்பில் கம்பி தருவதில்லை, 1.5 சதுர மி.மீ. இரட்டைக் கம்பி 5 மீட்டர் தனியே வாங்கிச் சேர்த்தேன். ஓடுவது 1 ஆம்பியரை ஒட்டிய மின்னோட்டமே என்பதால், அவ்வளவு நீளத்திலும் இழப்பு 0.15 வோல்ட்டைத் தாண்டவில்லை.